பின்பக்க டயர் தாங்கி வால்பாறை வரை வருமா?

காலை 9.20. மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய எங்கள் தெருவிலிருந்து வேன் புறப்பட்டது. மறுநாள் விடியற்காலையில் வால்பாறைக்குக் கிளம்ப வேண்டும், ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டர். அதற்கு முன் ஊருக்குள்ளேயே ஒரு பயணம் போக வேண்டியதாகிவிட்டது. தியாகராய நகர், வடபழனி, ஊரூர் குப்பம், திரும்ப வீடு என்று மொத்தம் இருபத்தெட்டு கிலோமீட்டர்தான். வால்பாறையைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் இந்த இருபத்தெட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஏனென்றால் இதில்தான் எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒருவர் காட்டுப் பாதைக்கென்று உயர்த்தி, பெரிய டயர் போட்டு மாற்றி வைத்திருந்த வேன் அது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் பழையதாக வாங்கினேன். பின்பக்க பம்பர் இரும்பு இல்லை, கனமான அலுமினியத் தகடு. அதன் வலது ஓரத்தில் ஒரு கீல். கீலிலிருந்து ஒரு நீண்ட கை. அந்தக் கையில் முப்பத்திரண்டு கிலோ ஸ்டெப்னி டயர் தொங்கும். வீட்டு கேட்டைத் திறப்பதுபோல் அந்தக் கையை வெளிப்பக்கம் இழுத்துத் திறக்க வேண்டும். அது திறந்தால்தான் பின் கதவு திறக்கும். பின் கதவு திறந்தால்தான் சரிவுப் பலகை இறங்கும். பலகை இறங்கினால்தான் என் அண்ணன் பாலு கீழே வர முடியும்.

அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பத்து வருஷத்துக்கு முன்னால் வேலை செய்த இடத்தில் ஏணியிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சக்கர நாற்காலிதான். ஆறு வருஷமாக ஆஸ்பத்திரியைத் தவிர எங்கேயும் வந்ததில்லை. இந்த வேனை வாங்கி வந்து நிறுத்தி, வால்பாறை போகலாமா என்று கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்.

"வர்றேன் மல்லி. ஆனா யாரும் என்னைத் தூக்கக் கூடாது. நானா ஏறணும், நானா எறங்கணும். எவனாவது கைய வெச்சான்னா அங்கயே வண்டியத் திருப்பிடு."

சரி என்று சொல்லியிருந்தேன். இப்போது பார்த்தால் இரண்டு வாரமாக அந்தக் கை திறப்பதற்கு முரண்டு பிடிக்கிறது. அன்று காலையில் துடைக்கும்போது கீலுக்கு அடியில், பற்றவைத்த இடத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் தெரிந்தது. ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. அதற்கு மேல் எஸ்டேட்டுக்குள் கல்லும் குழியுமான பாதை. நடுவழியில் கை இறுகிக்கொண்டால் அண்ணன் உள்ளே மாட்டிக்கொள்வான். அப்புறம் யாராவது தூக்கித்தான் ஆக வேண்டும்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் இருபத்தொரு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். எல்.கே.ஜி. பிள்ளைகளை இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி ஏற்றி, தூக்கி இறக்கி, எண்ணிப் பார்த்து ஒப்படைத்தவள். ஒரு குழந்தைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதற்குக் காரணம் பாதி என் கை, பாதி அமாவாசைக்கு அமாவாசை நான் வண்டியில் கட்டுகிற திருஷ்டி மூட்டை. கல் உப்பு, படிகாரம், ஏழு காய்ந்த மிளகாய், கறுப்புத் துணி. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். இந்த வேனில் முன்னால் கட்ட வசதி இல்லை என்று பின்னால் கட்டியிருந்தேன்.

காலை 10.10. தியாகராய நகர். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் கார் உதிரி அலங்காரச் சாமான் விற்கும் ரஃபீக் பாயின் கடை. பள்ளிக்கூட வேன் காலத்திலிருந்து பழக்கம், சீட் உறையெல்லாம் அவரிடம்தான் தைப்பேன். சேலைக்கடைப் பைகளோடு போகிற கூட்டம் என் வண்டியின் உயரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனது. பாயும் நானும் சேர்ந்து இழுத்தோம். மூன்றாவது இழுப்பில் கை 'கிறீச்' என்று திறந்தது. பலகை வழியாக அண்ணன் இறங்கி, எதிர்க்கடையில் இருபத்தைந்து ரூபாய்க்கு ஒரு காபி வாங்கி, நாற்காலியை நிழலில் நிறுத்திக்கொண்டு குடித்தான். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே வண்டிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பாய் விரிசலைக் கட்டைவிரலால் தடவினார்.

"அலுமினியம்ல துரு புடிக்காதும்மா. இது நூறு வருஷம் வரும். நீங்க பயப்படுறீங்க."

"நூறு வருஷம் வர்றதுல எப்படி பாய் விரிசல் வந்துச்சு?"

"அது வெயிட்டு. டயரு பெருசு. ஆர்கான் வெல்டிங்ல ஒரு கோடு இழுத்துட்டா முடிஞ்சுபோச்சு. ஒண்ணே ஒண்ணு, கிரீஸ் மட்டும் வெக்காதீங்க. மண்ணு ஒட்டி உள்ள அரைச்சுடும்."

நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். வெல்டிங் போட வேண்டும். கிரீஸ் கூடாது. நூறு வருஷம். மனசு லேசாக இருந்தது. அசோக் நகர் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "யக்கா, பின்னாடி டயரு ஆடிக்கினே வருது, பாத்துக்க" என்று சொல்லும் வரைக்கும்.

காலை 11.40. வடபழனி, நாலு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். பஸ் டிப்போவுக்கு அப்பால் ஒரு தெருவில் மூர்த்தியின் பட்டறை இருக்கிறது. சினிமா யூனிட்டுகளுக்கு லைட் ஸ்டாண்டும் கேமரா வண்டிக்கான சட்டங்களும் செய்கிறவர். பாய்தான் அனுப்பினார். மூர்த்தி தரையில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னையே குற்றவாளி மாதிரி பார்த்தார்.

"வெல்டிங்கா? எவன் சொன்னான்? அலுமினியத்துல சூடு ஏத்துனா பக்கத்துல இருக்குற எடம் மெத்துனு பூடும். இந்த விரிசல் மூடும், ரெண்டு இஞ்ச் தள்ளி இன்னொண்ணு வரும். கிரீஸ் வெச்சீங்களா?"

"வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே."

"வெக்காததாலதான் இப்டி கீது! மாசா மாசம் வெச்சிருக்கணும். இரும்புன்னா நான் கண்ண மூடிக்கினு சொல்லுவேன் மேடம், எத்தினி நாள் வரும்னு. இரும்பு வளைஞ்சி காட்டும். இது காட்டாது. நல்லா இருக்கும் நல்லா இருக்கும், ஒரு நாள் சொல்லாம கொள்ளாம உட்டுடும்."

"நாளைக்கு விட்டுடுமா?"

"நாளைக்கும் உடலாம். பத்து வருஷம் கழிச்சும் உடலாம்."

இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. காலையில் ஒருவர் நூறு வருஷம் என்கிறார், மதியத்துக்குள் இன்னொருவர் நாளைக்கே என்கிறார். இரண்டு பேருமே நாற்பது வருஷம் வண்டிச் சாமான்களோடு புழங்கியவர்கள். யார் பொய் சொன்னார்கள் என்று தெரிந்தால்கூட நிம்மதியாக இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை.

மூர்த்தியே வழியும் சொன்னார். போட் இன்ஜின் முழுக்க அலுமினியம்தான், உப்புத் தண்ணீரில் அது என்ன பாடுபடும் என்பது அதைப் பழுது பார்க்கிறவருக்குத்தான் தெரியும், ஊரூர் குப்பத்தில் தேசிங்கு என்று ஒருவர் இருக்கிறார், அவர் கண் பொய் சொல்லாது என்றார். கையோடு போனில் அவரிடம் பேசியும் வைத்தார். பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை.

வடபழனியில் அண்ணன் இறங்கவில்லை. எதிர்வரிசையில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சித்தப்பா பேத்தியின் கல்யாணம் அங்கேதான். வாசலில் பதினொரு படி. நாலு பேர் நாற்காலியோடு அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். வீடியோ எடுத்தவர் அதையும் எடுத்தார். பந்தி நடக்கும்போது சாப்பாட்டுக் கூடத்துத் திரையில், மாலையோடு வருகிற மாப்பிள்ளைக்கு அடுத்ததாக அண்ணன் தூக்கப்பட்டு வந்தான். இலையில் பரிமாறியதைத் தொடாமல் வீட்டுக்குப் போகலாம் என்றான். அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் வந்ததில்லை. பட்டறையில் நான் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவன் மற்றப் பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியம் 1.15. அடையாறு தாண்டி மரத்தடியில் வண்டியை நிறுத்தி, கட்டி வந்த எலுமிச்சைச் சாதத்தை உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். பயணத்தைத் தள்ளிப் போடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அண்ணன் மடியில் வால்பாறை மேப்பை விரித்து, தண்ணீர் பாட்டிலை அதன்மேல் வைத்துக்கொண்டு சாப்பிட்டான். நான் கேட்காமலே வண்டியை எடுத்தேன்.

மதியம் 2.10. ஊரூர் ஆல்காட் குப்பம். பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு குப்பம் பக்கத்தில் இருப்பது கண்ணிலேயே படாது. சந்துக்குள் என் வண்டி நுழையாது. மீன் கடைகளை ஒட்டி நிறுத்தினேன். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே தேசிங்கு ஒரு போட் இன்ஜினைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், குட்டையான ஆள். மூர்த்தி போன் செய்ததாகச் சொல்லிக்கொண்டே எழுந்து வந்தார்.

டயர் தொங்கும் கையை இழுத்தேன். வரவில்லை. தேசிங்கு இழுத்தார். வரவில்லை. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த நாலு பேரில் இருவர் வந்து, நாலு பேராக இழுத்தோம். வண்டிதான் ஆடியது, கை அசையவில்லை. எது மலையில் நடக்கும் என்று காலையிலிருந்து பயந்தேனோ அது கடற்கரையிலேயே நடந்துவிட்டது. அண்ணன் உள்ளே.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. இன்னும் இழுத்தா கீலு பிச்சிக்கும்" என்றார் தேசிங்கு. குனிந்து கீலைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். வெள்ளை வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. இடது பக்கம் போய்ப் பூட்டுக் கொக்கியைப் பார்த்தார். அது பளபளவென்று இருந்தது. திரும்பவும் வலது பக்கம் வந்தார்.

"இன்னாக்கா இது, கடலுக்குப் போற எங்க இன்ஜினே இப்டி உப்பு பூக்கல. எங்க நிறுத்துறீங்க வண்டிய?"

"மயிலாப்பூர்ல. கடல் காத்து அடிக்கும்."

"காத்து அடிச்சா ரெண்டு பக்கமும்தானே அடிக்கும்? உப்பு ஒரு பக்கம் மட்டும் எப்டி எறங்கும்?"

கடல் காற்றுக்குத் திசை உண்டு என்று ஏதோ உளறினேன். அவர் கேட்டுக்கொண்டே கீலுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார். அங்கே, கையைச் சட்டத்தோடு இணைக்கிற வளையத்தில், கறுப்புத் துணி மூட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. அன்று காலையில்கூடக் குழாயைப் பிடித்து வண்டியைக் கழுவியிருந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவுவேன், அன்று மட்டும் பயணத்துக்காக ஒரு நாள் முன்னாலேயே. ஒவ்வொரு தடவையும் உப்பு கரைந்து, சொட்டுச் சொட்டாக, நேராகக் கீலுக்குள் இறங்கியிருக்கிறது. ஒன்பது அமாவாசை.

"உள்ள அச்சு இரும்பு, சுத்தி இருக்குற குழாய் அலுமினியம்" என்றார் தேசிங்கு. "சும்மா இருந்தா ரெண்டும் ஒண்ணும் பண்ணாது. நடுவுல உப்புத் தண்ணி பூந்துச்சி, அலுமினியத்த அரிச்சிடும். பொடி கட்டிக்கினு இறுகிடும். அதுக்குமேல நீங்க பலமா இழுத்துக்கினே இருந்தீங்க, வெல்டு வாய உட்டுடிச்சி. டயரு வெயிட்டும் இல்ல, அலுமினியமும் மோசமில்ல."

மீன் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். என் காது வரைக்கும் சுட்டது. தேசிங்கு கேலி செய்யவில்லை. "நாங்களும் கட்றோம்கா. எலுமிச்சம்பழம். மறுநாளே அவுத்து கடல்ல போட்டுடுவோம்" என்றார். அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

டயரைக் கழற்றி இறக்கினார்கள். இனி அச்சைத் தட்டி வெளியே எடுக்க வேண்டும். எண்ணெய் விட்டு ஊறவைத்துத் தட்ட வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும், மேலும் ஆகலாம் என்றார். வெயில் வண்டியைத் தகரக் கூரை மாதிரி காய்ச்சிக்கொண்டிருந்தது. இன்ஜினை ஓடவிட்டு ஏசி போடலாம் என்றால், புகைக்குழாய்க்கு நேர் எதிரே தேசிங்கு படுத்திருந்தார். ஜன்னல் வழியாக அண்ணனைப் பார்த்தேன். சட்டை முழுக்க நனைந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

வலைக்காரர்களில் ஒருவர் சொன்னார். "பக்கத்துக் கதவு தொறக்குதுல்ல? நாலு பேர் கீறோம். அண்ணன பூ மாதிரி தூக்கி எறக்கிடுறோம். நிழல்ல உக்காரட்டும்."

"வேணாம் நைனா" என்றான் அண்ணன் உள்ளிருந்து. "நீங்க வேலையப் பாருங்க."

"அண்ணா, வெயில்ல மயக்கம் போட்டுடுவே. பிடிவாதம் பண்ணாத" என்றேன். எனக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது. எனக்கு அவை இரண்டும் எப்போதும் சேர்ந்தேதான் வரும். பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்து, அந்த ஆட்களிடம் சொன்னேன். "அவர் அப்படித்தான் சொல்லுவாரு. நீங்க தூக்குங்க."

அண்ணன் கண்ணைத் திறந்தான்.

"அன்னிக்கும் நீதான் மல்லி சொன்னே."

அவ்வளவுதான் சொன்னான். ஆமாம், நான்தான் சொன்னேன். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று அந்தப் பதினொரு படிக்குக் கீழே நின்று, தெரிந்த பையன்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, "நாற்காலியோட தூக்குங்கடா" என்று சொன்னவள் நான்தான். அவனைக் கேட்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கும்போது யார் கேட்பார்கள்? ஆறு வருஷமாக அந்த வீடியோக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

வலைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் பின்னால் நகர்ந்தார். நான் தேசிங்குவின் தார்ப்பாயைக் கேட்டு வாங்கி, அவர்கள் உதவியோடு வேனின் மேல் விரித்துக் கட்டினேன். இரண்டு ஜன்னலையும் முழுக்கத் திறந்தேன். மீன்கார அம்மாள் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு கட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். "மீன் வாசம் வரும்பா, பரவால்லியா?" அண்ணன் அதை வாங்கிக் கழுத்தில் வைத்துக்கொண்டான். நான் ஓரமாக நின்று அழுதேன்.

மாலை 3.50. ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டிய பிறகு அச்சு வெளியே வந்து மணலில் விழுந்தது. பாதி வெள்ளை, பாதி துரு. கை கழன்றது. பின் கதவு திறந்தது, பலகை இறங்கியது. அண்ணன் சக்கரங்களைத் தானே பிடித்து மெதுவாக இறங்கி, நேரே தேசிங்குவிடம் போய்க் கை கொடுத்தான். எண்ணெய்க் கையாயிற்றே என்று அவர் தயங்கினார். அண்ணன் விடவில்லை.

இனிமேல்தான் பெரிய குழப்பம். தேசிங்கு சொன்னது இது: பம்பருக்கு ஒன்றும் இல்லை, பல வருஷம் வரும். கீல் குழாயை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும், நடுவில் நைலான் வளையம் போட வேண்டும், நாலு நாள் ஆகும். அவசரத்துக்கு அதே அச்சைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவி மாட்டித் தரலாம், ஆனால் வாய் விட்ட வெல்டு டயரைத் தாங்குமா என்று அவரால் சொல்ல முடியாது. டயரே இல்லாமல் மலைக்குப் போகலாமா? கூடவே கூடாது. நாலு நாள் தள்ளினால்? எஸ்டேட் பங்களாவில் அறை நாளை மறுநாளைக்குத்தான் கிடைத்திருந்தது. நோட்டைத் திறந்து பார்த்தேன். வெல்டிங் போடு, போடாதே, கிரீஸ் வை, வைக்காதே, நூறு வருஷம், நாளைக்கு. இப்போது நாலு நாள். ரஃபீக் பாய்க்கு ஒருமுறை போன் செய்யலாமா, மூர்த்திக்குச் செய்யலாமா என்று எண்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் போனைப் பையில் போட்டேன். காலையிலிருந்து ஆட்டோக்காரரின் பேச்சைக்கூடக் கேட்டாயிற்று. உட்கார்ந்து வரப்போகிறவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அண்ணா, நீ என்ன சொல்றே? என்ன பண்ணலாம்?"

அவன் யோசிக்கவே இல்லை. காலையிலிருந்தே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

"அந்தக் கையே வேணாம். கழட்டினது கழட்டினதாவே இருக்கட்டும். டயரை உள்ள, என் பக்கத்துல படுக்க வெச்சுக் கட்டிடு."

"வழியில ராத்திரி அங்கதான நான் படுக்கணும்?"

"நீ முன்சீட்டுல சாஞ்சுக்கோ. பள்ளிக்கூட வாசல்ல இருபது வருஷம் அப்படித்தான தூங்கினே?"

தேசிங்கு சிரித்துவிட்டார். அண்ணனைப் பூ மாதிரித் தூக்க வந்த நாலு பேரும் டயரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். பெல்ட் போட்டு இறுக்கினோம். தேசிங்கு எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். திருஷ்டி மூட்டையை நானே அவிழ்த்து, அலை தொடுகிற இடம் வரைக்கும் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். ஏழு கிலோமீட்டர், வீட்டுக்கு வர ஐந்தரை ஆனது.

மறுநாள் காலை 5.10. மயிலாப்பூரை விட்டோம். வேகத்தடை வரும்போதெல்லாம் டயர் பெல்ட்டுக்குள் ஒரு முனகல் முனகியது. கனம் பின்னால் தொங்காததால் வண்டி லேசாகப் போகிற மாதிரி இருந்தது, அது உண்மையா என் கற்பனையா என்று தெரியவில்லை. இனி இதைப் பற்றி யாரிடமும் கேட்கப் போவதில்லை.

காலை 7.30. திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடை. "டீ வாங்கிட்டு வந்து கதவைத் திறக்கிறேன், இரு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இரண்டு டீ, முப்பது ரூபாய். கடைக்காரர் டீ ஆற்றி முடிக்க நாலு நிமிஷம் ஆகியிருக்கும். இரண்டு கையிலும் டம்ளரோடு வண்டியின் பின்பக்கம் வந்தேன்.

பின் கதவு அகலத் திறந்திருந்தது. அந்தக் கதவுக்கு உள்பக்கமும் ஒரு கைப்பிடி உண்டு. வெளியே அந்தக் கையும் டயரும் குறுக்கே நின்ற ஒன்பது மாதமும் அது இருந்தும் பயனில்லை, நான் அதை மறந்தே போயிருந்தேன். பலகையும் இறங்கியிருந்தது. உள்ளிருந்து தள்ளினால் அது தானாகச் சரியும்.

உள்ளே டயர் மட்டும் இருந்தது. அண்ணன் சாலை ஓரத்துப் புளிய மரத்தடியில், நாற்காலியைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வா, வா, டீ ஆறிடப் போகுது" என்றான்.